வால் முளைத்த ரத்தம்

வலிக்கட்டும் என்றுதான் குத்தினாள். ஊசி நரம்பில் இறங்கியபோதும் முதலாளி முகம் சுளிக்கவில்லை. சிரித்தார்.

"நல்லா எடும்மா. சாயம் ஏத்துற பக்கம் நான் கால் வச்சே பல வருஷமாச்சு. என் ரத்தத்தையும் என் ஆளுங்க ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ஒரு வித்தியாசமும் இருக்காது."

தோல் பைகளுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை அது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று புகார் கிளம்பியதால், ஆய்வு முடியும்வரை பட்டறையை மூடச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் எடுக்க ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தாள் அவள். அந்தப் புகாரைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அவளுடைய அப்பா இதே பட்டறையில் பழுப்புச் சாயப் பொடியை வெறுங்கையால் கலக்கியவர். சிறுநீர்ப்பையில் புற்று வைத்து, துடிதுடித்துப் போய்ச் சேர்ந்தார். "சிகரெட்டா ஊதித் தள்ளினான், போயிட்டான்" என்று ஒரே வார்த்தையில் கைகழுவிவிட்டார் முதலாளி. அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளின் நெஞ்சில் அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்தது. அந்த முள்ளோடுதான் இந்தப் படிப்பையே படித்து முடித்தாள்.

"பழைய பொடி எங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்பவே நிறுத்தியாச்சும்மா. மிச்சத்தைப் பின்னாடி ஷெட்டுல மூட்டை கட்டிப் போட்டாச்சு. இப்ப புதுச் சாயம், கையுறை, காத்தாடி, எல்லாம் உண்டு."

கதவைத் தள்ளிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்தது வேறு யாருமில்லை, அவளுடைய அம்மா. வாசலில் காத்திருந்த தொழிலாளிகளுக்குக் கடுங்காப்பி கொடுத்துவிட்டு, முதலாளியின் பால் காப்பியைத் தனியாக எடுத்து வந்திருந்தாள்.

"சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேங்கய்யா."

"உங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. இதக் குடிச்சுப் பழகி, வீட்டுல காப்பி குடிக்கிறதையே விட்டுட்டேன்" என்றார் முதலாளி.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா போன கையோடு அம்மா இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். புருஷனைக் கொன்றவனுக்குக் குனிந்து நின்று காப்பி நீட்டுகிறாயே, உனக்கு ரோஷமே கிடையாதா என்று வீட்டில் எத்தனையோ சண்டை. "வயிறுன்னு ஒண்ணு இருக்கேடி" என்பதைத் தாண்டி அம்மா வாய் திறந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியே கதியென்று கிடந்தாள். ரத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மின்சாரம் பாய்ச்சினால், நல்ல அணு பந்து மாதிரி அப்படியே நிற்கும். விஷம் மரபணுவை நறுக்கிப் போட்டிருந்தால், துண்டுகள் பின்னால் இழுபட்டு அணுவுக்கு வால் முளைத்துவிடும். பார்க்கிறவர்கள் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று குழாய்களில் பேருக்குப் பதில் எண் மட்டுமே இருந்தது.

'வால் முளைக்கட்டும், ஒரே ஒரு வால்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே பார்த்தாள். பந்து. அடுத்ததும் பந்து. எல்லாமே முழு நிலா மாதிரி உருண்டையாக நின்று அவளைப் பார்த்துச் சிரித்தன.

கடைசிக் குழாய்க்கு வந்தாள். திரை முழுக்க வால்கள். ஒரு அணுகூடத் தப்பவில்லை. "மாட்டினான்டா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எண்ணுக்குரிய பேரைப் பட்டியலில் தேடினாள். அது முதலாளியின் ரத்தம்.

மேலதிகாரி இன்னொரு தரம் செய்து பார்க்கச் சொன்னார். அப்போதும் அதே வால்கள்தான்.

"பட்டறை மேல தப்பில்ல. வேலை செய்யிற யாருக்கும் ஒண்ணுமில்லையே. தடையை எடுத்துடலாம்" என்றார் அவர். "ஆனா இந்த மனுஷனுக்கு வேற எங்கிருந்தோ ஏதோ விடாம உள்ள போய்க்கிட்டே இருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்மா."

வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி எறிந்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டேம்மா. பட்டறையத் திறக்கச் சொல்லியாச்சு."

"அங்க வேலை செய்யிற புள்ளைங்க எல்லாம் நல்லாருக்காங்களா?"

"எல்லாருக்கும் நல்லா இருக்கு. உன் முதலாளிக்குத்தான் ரத்தம் பூரா கெட்டுக் கிடக்கு."

அம்மாவின் கை நின்றது. "கெட்டுக் கிடக்குன்னா? எப்படி?"

"அப்பாவைக் கொன்ன பொடி உள்ள போனா எப்படிக் கெடுமோ, அப்படி. அந்த ஆளு அதைக் கையாலகூடத் தொட்டதில்ல. எப்படின்னு நெனச்சு நெனச்சு மண்டை காயுது."

அம்மா மடித்த துணியை ஓரமாக வைத்தாள். அப்பா போன பிறகு மகள் ஒருநாளும் பார்த்திராத ஒரு சிரிப்பு அந்த முகத்தில் மெல்லப் படர்ந்தது.

"அப்ப, பால்ல கலந்தாலும் வேலை செய்யுது."