வாசலில் வைத்த மருந்துத் தண்ணீர்

அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு நாட்டுக்கோழிப் பண்ணை இருந்ததாம். ஒருநாள் கூரையில் வந்து உட்கார்ந்த காக்கா மூச்சிரைக்கச் சொன்னது. "ஏரியில வாத்தெல்லாம் செத்து மிதக்குது. பறவைக் காய்ச்சலாம்!"

கருப்பிக் கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. "நீ மொதல்ல தள்ளி உட்காருடா!"

செவலைக் கோழி சிரித்தது. "போடி பயந்தாங்கொள்ளி! இது டவுனு. உள்ள வர்றவங்க கால் நனைச்சு கிருமியைப் போக்க வாசல்ல மருந்துத் தண்ணித் தொட்டி வேற இருக்குல்ல?"

அப்போது பண்ணைக்காரர் வந்து அந்தத் தொட்டியைக் கவிழ்த்தார். "இதைப் பார்த்தா மாடி வீட்டுக்காரங்க, இங்க நோய் இருக்குன்னு நெனச்சு முட்டை வாங்க மாட்டாங்க."

சற்று நேரத்தில் சேறு அப்பிய செருப்போடு ஒருவர் கூண்டு வரைக்கும் வந்தார். "ஏரிக்கரையில வாக்கிங் போயிட்டு அப்படியே வர்றேன். ஒரு டஜன் குடுங்க."

செவலை சத்தமில்லாமல் நகர்ந்து, குஞ்சுகள் ஒடுங்கியிருந்த கருப்பியின் இறக்கைக்குள் தன் தலையையும் நுழைத்துக்கொண்டது.