எந்த டிஸ்க்கை வேண்டுமானாலும்

“எதை வேணாலும் உருவுக்கா. நீயே பாத்து உருவு.”

சொல்லிவிட்டாள் தங்கை. 

மேசை மேல் கறுப்புப் பெட்டி. முகப்பில் நான்கு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். நான்கும் சுற்றிக்கொண்டிருந்தன. டி.வி.யில் சித்தப்பா மகன் கல்யாண வீடியோ ஓடியது. அது இந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

எதிரே அக்கா மாரித்தங்கம். இடுப்பில் கை. கோவில்பட்டி பெண்கள் ஹாக்கி அணிக்குப் பல வருஷம் கோல் காத்தவள். வருகிற பந்தையே நம்பாதவள், தங்கை கட்டிய டப்பாவை நம்பிவிடுவாளா?

பந்தயம் இதுதான். படம் ஓடும்போதே அக்கா ஒரு டிஸ்க்கை உருவுவாள். படம் நிற்காவிட்டால், பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தன் பழைய போர்ட்டபிள் டிஸ்க்கை எடுத்துத் தருவாள்.

நின்றால், இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அந்தப் பழைய டிஸ்க்கில் அக்கா ஆடிய ஆட்டங்கள் அத்தனையும் இருந்தன. வேறெங்கும் இல்லை. போன மாதம் அதைச் செருகியபோது உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். சாகப்போகிற டிஸ்க்கின் சத்தம். உடனே நகல் எடுக்க வேண்டும் என்று தங்கை கெஞ்சினாள்.

“உன் கை பட்டுத்தான் கெட்டுச்சு” என்று அக்கா பிடுங்கிப் பூட்டிவிட்டாள்.

அதற்காகத்தான் தங்கைக்கு இத்தனை பாடு. மதுரையில் கடைக்காரர் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து நான்கு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டாள். ஒன்றாகச் செய்தவை ஒன்றாகவே போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது? வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ராப்பகலாக ஓடினாலும் தாங்குபவையாக, தயாரித்த மாதம் வேறு வேறாகப் பார்த்து வாங்கினாள்.

“தக்காளியக்கூட இப்பிடிப் பொறுக்க மாட்டியேட்டி” என்றாள் அக்கா.

இப்போது அக்காவின் கை நீண்டது.

முதல் இழுப்பறை. தொட்டுவிட்டு விட்டது.

இரண்டாவது.

மூன்றாவதில் நின்றது.

உருவிவிட்டாள்.

பெட்டி கீ கீ என்று அலறத் தொடங்கியது. தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றது மனசு.

டி.வி.யில் பந்தியிலிருந்து யாரோ பாயசம் கேட்டார்.

பாயசம் வந்தது.

“ஏட்டி! ஓடுதுட்டி!”

ஓடியது! உருவியதில் இருந்ததையும் மீதி மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சோற்றைக்கூடச் சிந்தாமல் பந்தி நடந்தது. தங்கை குதித்த குதியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அப்ப இன்னொண்ணு?”

அக்காவின் கை அடுத்த டிஸ்க்குக்குப் போயிருந்தது.

பாய்ந்து, நெஞ்சைக் கொடுத்துப் பெட்டியை மறித்தாள். “ஐயோ வேண்டாங்க்கா! ஒண்ணு போனாத் தாங்கும். ரெண்டு போனா அம்புட்டும் போயிரும்!”

“நல்லாத்தான் மறிக்கே” என்றாள் மாரித்தங்கம். சிரித்துவிட்டாள்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

உருவிய டிஸ்க்கைத் தங்கை திரும்பச் செருகினாள். பெட்டி அதைத் தானே நிரப்பத் தொடங்கியது. அது நிரம்பி முடிய நேரமாகும். அதுவரை பொறுக்கப் பழைய டிஸ்க்குக்கு உயிர் இருக்க வேண்டுமே. டி.வி.யை அணைத்துவிட்டு, வந்தது வரட்டும் என்று அதையும் செருகினாள்.

டிக். டிக்.

“இந்தச் சத்தமாட்டி?” அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏறின. திருச்சி. நாமக்கல். தஞ்சாவூரில் மழையோடு ஆடியது. ஒவ்வொன்று ஏறி முடியும்போதும் மாரித்தங்கம் சின்னப்பிள்ளை போலக் கைதட்டினாள்.

கடைசி ஒன்று பாதியில் நின்றது.

மாநில ஃபைனல்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அக்காவின் கால்களுக்கு நடுவே பந்து நழுவி உள்ளே போன ஆட்டம். அதற்குப் பிறகு அவள் மட்டையைத் தொடவில்லை. மற்ற ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். இதை மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை.

டிக். டிக். டிக்.

“இது வர மாட்டேங்குக்கா. மத்ததெல்லாம் வந்துட்டு. விட்டுரட்டா?”

விட்டுத் தொலை என்பாள் என்றுதான் நினைத்தாள்.

“விடாத.”

மாரித்தங்கம் முட்டியை மடக்கிக் குனிந்தாள். முகம் பெட்டியின் சின்னத் திரைக்கு அருகே போயிற்று. எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது.

“வா.”

நகர்ந்தது.

“வா தாயி. வா வா வா...”

நின்றது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

முனையைத் தொட்டது.

“கோல்!”

கத்தியது அக்கா. இரண்டு கையும் மேலே. தெருவுக்கே கேட்டிருக்கும். தங்கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

பழைய டிஸ்க்கின் சத்தம் அடங்கியிருந்தது. தங்கை தட்டிப் பார்த்தாள். கழற்றிச் செருகிப் பார்த்தாள். அது திரும்ப எழவில்லை.

மாரித்தங்கம் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியை டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டு, நுனியில் உட்கார்ந்தாள்.

“ஃபைனலைப் போடு” என்றாள். “நான் எங்க நின்னேன்னு பாக்கணும்.”