டீக்கு ஒரு தேங்க்ஸ்

மிக்கேலின் தலைக்குள் இருக்கும் சிப்பை ஒரு நொடிகூட நிறுத்த முடியாது. நின்றால் மூச்சும் நின்றுவிடும். அதனால் அது ஓட ஓடவே, எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை ஓடுகிறது என்று டெக்னீஷியன் பெனிட்டா திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், தொடக் கூடாது. அவள் தொழிலில் அதுதான் முதல் சட்டம்.

"ஒரு மாசமா டீ குடுத்தா தேங்க்ஸ் சொல்லுதாரும்மா," என்றாள் அவர் மனைவி ரொசாரி. "நாப்பது வருசத்துல சொன்னதே இல்ல. எங்கயோ கோளாறு."

அவள் குரல் கேட்டதும் 'ஆளைத் தேடு' என்ற கட்டளை ஓடியது. விடை வெறுமையாக வந்தது. உடனே 'புதியவரிடம் மரியாதை' ஓடியது. ரொசாரியின் நினைவு இருந்த இடமே அழிந்துபோயிருந்தது. அதை இனி யாராலும் மீட்க முடியாது.

ரொசாரி டீ போடப் போனதும் மிக்கேல் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்ககிட்ட சொல்லிராதம்மா. யாருன்னு தெரியல. ஆனா என்னைய அவ்வளவு நல்லா பாத்துக்கிடுதாங்க. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்."

ரொசாரி டீயோடு வந்தாள். மிக்கேல் இரு கைகளாலும் வாங்கி, "தேங்க்ஸ்ங்க" என்றார்.

"பாத்தியா! என்ன கோளாறு?"

பெனிட்டா சிப்பையும் திரையையும் இணைத்திருந்த கேபிளைக் கழற்றினாள்.

"கோளாறு இல்லக்கா. இப்பதான் மரியாதை பழகியிருக்காரு."