முப்பத்தேழாம் பக்கத்து வட்டம்

துப்பறியும் நாவல் எதைப் படித்து முடித்தாலும், மறுபடி அதையே எடுத்துவிடாதிருக்க, முப்பத்தேழாம் பக்க மூலையில் சின்ன வட்டம் போட்டுவைப்பார் தணிகாசலம். அடுத்துப் படிக்கும் மனைவி மங்கையர்க்கரசி வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பாள். போன ஆடியில் ஏரிக்கரையில் முகம் சிதைந்து கிடந்த உடலை, சட்டையைப் பார்த்து அவர்தான் என்று சொன்னவளும் அவள்தான். அன்றே எரித்தாயிற்று. இன்று வாடகை நூலகத்தில், போன வாரம் வந்த புது நாவலைப் புரட்டியவளின் கை நின்றது. அதே பக்கம், அதே வட்டம்.

"இத யாராச்சும் எடுத்தாங்களா தம்பி?"

"வெளிய போகலக்கா. ஒருத்தர் இங்கயே உக்காந்து படிச்சாரு. கார்டு போடுங்கன்னா பேர் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

அவள் அவனிடமே பென்சில் வாங்கி, வட்டத்துக்குள் புள்ளி வைத்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகினாள்.