பத்து மணி நேர வித்தியாசம்

"நெருப்பும் தண்ணியும் ஒரே வீட்ல இருக்க முடியாதுடி, லீயான். ஒண்ணு, அவன் அணையணும். இல்ல, நீ கொதிச்சுக் கொதிச்சு வத்திப் போகணும். வீட்டை விக்காதே."

ஞாயிற்றுக்கிழமை மதியம். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில், இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்கு இன்னும் அரை மணி இருந்தது. அதுவரை பொழுது போக வேண்டுமே என்று, ஓரத்து மேசையில் கோரல் அம்மா ராசி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்த தேதியைச் சொன்னால் போதும். சூரியன் நின்ற ராசி, அது நெருப்பா, மண்ணா, காற்றா, தண்ணீரா, யாருக்கு யார் பொருத்தம், எல்லாம் வந்துவிடும். ஐம்பூதங்களில் நான்குதான் அவரிடம் கைவசம். ஆகாயம் கிடையாது. வானத்தைப் பார்த்துச் சொல்கிற தொழிலுக்கு அது அவசியப்படவில்லை போலும்.

எதிரே இருந்த லீயானுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடகம், தண்ணீர். பல் டாக்டரிடம் போவதற்குக்கூட கோரலிடம் நாள் கேட்பவள். வீட்டை விற்றுவிட்டு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் காதலன் கிளெனின் மாட்டுப் பண்ணைக்கே குடிபோய்விடலாமா என்று கேட்க வந்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய விற்பனைத் தாள் மேசை மேலேயே கிடந்தது.

"கிளென் நவம்பர் இருபத்திரண்டு. அன்னைக்குத்தான் தனுசு ஆரம்பம். சுத்த நெருப்பு," என்றார் கோரல்.

"அவ்வளவுதானா?" லீயானின் முகம் தொங்கிவிட்டது.

"ஒரு நிமிஷம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நெவில். கிளப்பின் செயலாளர், ஓய்வு பெற்ற நில அளவையாளர். தன் அளவு ஓர் அங்குலம்கூடப் பிசகியதில்லை என்பதை, யாரும் கேட்காமலே சொல்கிறவர். கோரலோடு ஒரே வகுப்பில் படித்தவர், அங்கும் இப்படித்தான்.

"கோரல், உன் அட்டவணை லண்டன் நேரத்துக்குப் போட்டது. நாம பத்து மணி நேரம் முந்தி இருக்கோம். யோவ் கிளென்! நீ எத்தனை மணிக்குப் பொறந்தே?"

பீர் வாங்கிக்கொண்டிருந்த கிளென் திரும்பினான். "காலைல அஞ்சு. பால் கறக்கற நேரமாப் பாத்துப் பொறந்து தொலைச்சேன்னு அம்மா திட்டும். ஏன், கேக்கு வாங்கித் தரப் போறியா?"

"அப்போ லண்டன்ல முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி. இருபத்தொண்ணு. தனுசு இல்ல, விருச்சிகம். நெருப்பு இல்ல, தண்ணி!" நெவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்கு இதுல துளி நம்பிக்கை கிடையாது. ஆகஸ்ட் மாசக் குளிர்காலத்துல நாம கம்பளிக்குள்ள நடுங்கறப்போ பொறக்கறவன் சிம்மம், நெருப்பாம்! ஆனா பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் கணக்கு சரியா இருக்கணும் பாரு."

லீயான் துள்ளி எழுந்தாள். "தண்ணியும் தண்ணியுமா! அதுக்கு மேல பொருத்தமே கிடையாதுன்னு நீதானே சொல்லுவே, கோரல்?"

கோரல் வாயைத் திறப்பதற்குள், தாளை எடுத்துக்கொண்டு பார் பக்கம் ஓடிவிட்டாள். கிளென் அவள் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"மாட்டினாடா கோரல்!" என்று பக்கத்து மேசையில் கை தட்டினார்கள்.

நெவில் நிறைவோடு உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதே. தப்புன்னா தப்புன்னு சொல்லித்தானே ஆகணும்?"

"லண்டன் நேரம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" கோரலின் குரல் உயரவே இல்லை. "முப்பது வருஷமா அதைக் கழிச்சுத்தான் பாக்கறேன்."

"பின்னே ஏன் இப்படி?"

"கிளெனோட முதல் பொண்டாட்டி ஷெரில் ஞாபகம் இருக்கா?"

"மகளிர் அணியில ஆடினாளே. அடிக்கடி குதிரையிலேர்ந்து விழுவா, பாவம்."

"ஆமா. கை ஒடிஞ்சது ஒரு தடவை, தாடை ஒரு தடவை, விலா ஒரு தடவை. 'குதிரையிலிருந்து விழுந்ததால் வரவில்லை'ன்னு மூணு தடவையும் கிளப் புத்தகத்துல அழகா எழுதினே. அந்தப் பண்ணையை அளந்ததும் நீதானே, நெவில்? அங்க எத்தனை குதிரை பாத்தே?"

"மாடு மட்டும்தான்..." என்றார் நெவில்.

"லீயான்கிட்ட நேராவே ரெண்டு தடவை சொல்லிட்டேன். எனக்குப் பொறாமையாம். நான் சொன்னா கேக்க மாட்டா, நட்சத்திரம் சொன்னாத்தான் கேப்பா. அதான் அந்தப் பத்து மணி நேரத்தை முழுங்கினேன்."

பார் ஓரத்தில் லீயானுக்குப் பேனா கிடைத்துவிட்டது. மூடியைக் கழற்றினாள்.

நெவில் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"லீயான்! கையெழுத்துப் போடாதே. ஒரு திருத்தம்."

கிளப் மொத்தமும் திரும்பியது. அவர் காதுகள் சிவந்திருந்தன.

"நாம... பூமியோட தென்பாதியில இருக்கோம். இங்க பத்து மணி நேரத்தைக் கழிக்கக் கூடாது. கூட்டணும். நான் மாத்திக் கழிச்சுட்டேன். அவன் நெருப்புதான். கோரல் சொன்னதுதான் சரி."

"என்னய்யா உளர்றே?" என்றான் கிளென். அவன் இப்போது சிரிக்கவில்லை.

லீயான் நெவிலையே பார்த்தாள். "உனக்குத் தப்பே வராதே?"

"வந்துடுச்சும்மா."

"கூட்டறதுக்கும் கழிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நம்ம வேலியெல்லாம் அளந்தான்? எல்லாத்தையும் பிடுங்கி மறுபடி நடணும்டா!" என்று யாரோ கத்த, கிளப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

லீயான் சிரிக்கவில்லை. பேனாவை மூடி, யாரிடம் வாங்கினாளோ அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.