முழங்காலுக்குக் கீழே

"இன்னும் கீழே இறக்கு. என் முழங்காலுக்கும் கீழே."

சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் முக்காலியிலிருந்து இறங்கி, டிரில்லிங் மெஷினோடு தரையில் குந்தினார். அவர் மனைவி பித்தளைத் தகட்டைத் தங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். 'பெருவெள்ளத்தில் தண்ணீர் இந்த மட்டம் வரை' என்று நகராட்சி எப்போதோ அளந்து அடித்துவிட்டுப் போன தகடு. நேற்று வரை அவர் தலைக்கு மேலே இருந்தது.

இரட்டைப் பிள்ளை பெற்ற மகள், "கிளம்பி வந்து என்கூடவே இருங்க" என்று தினமும் போனில் நச்சரிக்கிறாள். வீடு விற்றால்தான் கிளம்ப முடியும். வாங்க வந்தவர்களோ தகட்டை அண்ணாந்து பார்த்ததுமே வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"பாவம் இல்லையாங்க?"

"வெள்ளத்தைக் குறைக்கிறது பாவமா? ஊரே கூடி எனக்கு மாலை போடணும்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பில் தகடு ஆட, துளை கோணலாக விழ, இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பழைய துளைகளில் வெள்ளை சிமெண்ட் பூசி, அதன்மேல் காலண்டரை மாட்டினார்கள்.

சாயங்காலம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வீடு பார்க்க வந்தார். கூடத்து ஜன்னலைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல். அதன் கதவைத் திறந்து திறந்து மூடினார்.

"கம்பியே இல்லையா?"

"வீடு கட்டின நாள்லேருந்தே இல்லைங்க. நல்ல காத்து வரும்."

"ஆறு இந்தப் பக்கம்தானே?"

"அது எங்கேயோ இருக்குங்க. சத்தம்கூடக் கேட்காது."

அப்புறம்தான் அவர் தகட்டைப் பார்த்தார். குனிந்து படித்தார். முகம் வாடிவிட்டது.

"தண்ணி இவ்வளவுதானா வந்துச்சு?"

நம்பவில்லை போலிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் முந்திக்கொண்டார். "அதுக்குமேல ஒரு சொட்டு இல்லைங்க. இங்க இருந்தவங்க கட்டில்ல உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டே வேடிக்கை பார்த்தாங்களாம்."

"நிச்சயமா தெரியுமா?"

"நகராட்சிக்காரங்க அளந்து அடிச்ச தகடுங்க. பொய் சொல்லுமா?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "ஜன்னலைப் பார்த்ததும் இதுதான்னு நினைச்சு ஏமாந்துட்டேன். வெள்ளத்தப்போ எங்கம்மா குடியிருந்த வீட்டைத் தேடுறேங்க. பிற்பாடு அங்கே தகடு அடிச்சாங்கன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். அப்பா படகுக்காரர். ஜன்னல்கிட்ட படகை நிறுத்தி, அம்மா கையைப் பிடிச்சு ஏத்திக்கிட்டாராம். பிடிச்ச கையை இன்னும் விடலை. அவங்க கல்யாண நாளுக்கு, என்ன விலை சொன்னாலும் அந்த வீட்டையே வாங்கிக் கொடுக்கணும்னு ஆசை."

எலக்ட்ரீஷியன் அண்ணாந்து காலண்டரைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வர்றேங்க. முழங்கால்கூட நனையாத வீட்டுக்குப் படகு எப்படி வந்திருக்கும்?"