உடைந்த உறை

"கை தவறிடுச்சுன்னு இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? அது என்ன டீ கிளாஸா?"

கணவன் போட்ட சத்தத்தில் கருத்தரிப்பு மையத்தின் வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. எதிரே தலைகுனிந்து நின்றாள், அங்கே எல்லோரும் லேப் மேடம் என்று கூப்பிடும் பெண். காலையில் அவன் மனைவியிடமிருந்து எடுத்த கருமுட்டைகள் அவள் கைக்குத்தான் போயிருந்தன.

"எடுத்தது அத்தனையுமா போச்சு?" என்றாள் மனைவியின் மாமியார்.

"ஆமாம்மா. முட்டையைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கும். மேல ஒட்டியிருந்த செல்லையெல்லாம் எடுக்கும்போது அது உடைஞ்சிடுச்சு. தப்பு என் மேலதான்."

"அடிப்பாவி! உன் கை விளங்குமா?" என்று ஆரம்பித்த மாமியார் அடுத்துச் சொன்னதில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. "பெரிய டாக்டர்கிட்ட சொல்லி உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு!"

"விடும்மா. சொன்னா போன முட்டை திரும்பியா வரும்?" என்றான் கணவன்.

மாமியார் மூச்சு வாங்க மருமகள் பக்கம் திரும்பினாள். நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தவளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதேம்மா. உன் உடம்புல ஒரு குறையும் இல்ல. நான்தான் புத்திகெட்டு உன்னை ஏதேதோ பேசிட்டேன்." மருமகளை அவள் அப்படித் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இனிமே இவளுக்கு ஒரு ஊசிகூடப் போட விடமாட்டேன். போதும்டா சாமி! வாம்மா, வண்டியை எடுக்கலாம்." படி இறங்கும் வரை கணவன் கத்திக்கொண்டேதான் போனான்.

மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அந்த உறை எப்படி மேடம் வருது?"

லேப் மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வெளியிலேருந்து யாரும் போர்த்திவிடறதில்லம்மா. முட்டை வளர வளர, தானே புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடும். அது நூல் நூலா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, ஸ்வெட்டர் மாதிரி பின்னிக்கும். சுத்தியிருக்கற குட்டிக் குட்டி செல்லெல்லாம் அந்தப் பின்னலுக்குள்ள கை நீட்டி முட்டைக்குச் சாப்பாடு ஊட்டும்."

"அதுல ஒரு நூல் பிறவியிலேயே இல்லன்னா?"

"பின்னல் நிக்கவே நிக்காது. முட்டை கொஞ்ச நேரம்கூடத் தாங்காம..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்கு அப்படி இல்லம்மா! உங்க முட்டையெல்லாம் நல்ல முட்டை. என் கைதான்..."

மனைவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க கை தவறவே இல்ல மேடம். எனக்கு அந்த உறை கட்டவே கட்டாதுன்னு போன ஆஸ்பத்திரியிலேயே தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அவர் மனசு விட்டுடுவாரேன்னு மறைச்சுட்டு, மறுபடியும் வந்து ஊசி குத்திக்கிட்டேன்."

லேப் மேடம் சட்டென்று படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில எனக்கு மயக்கம் தெளியறப்போ, திரைக்கு அந்தப் பக்கம் நின்னு அவர் உங்ககிட்ட கெஞ்சினது எல்லாம் காதுல விழுந்துது. 'கை தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க, குறை தன்மேலதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா'ன்னு அழுதாரே... நான் நம்பிட்டேன்னே அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம், பாவம், அவர் தாங்க மாட்டார்."